முன் சீட் யாருடைய முறை?

அத்தியாயம் 11

"பின்னாடி உட்கார்ற பத்துப் பேருக்கும் சேர்த்துப் போடுங்க சார்."

நான் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கு அடியில் அப்பாவின் செருப்பு என் காலை மிதித்தது.

மாதனூரிலிருந்து ஆம்பூர் வருகிற வரைக்கும் அவர் இதை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தார். "வண்டியில பொம்பளைங்க ஏறுறாங்கன்னு அங்க வாயே தொறக்காத கிறிஸ்டி. சரக்கு வண்டி, சரக்கு ஏத்துறோம். அவ்ளோதான்." மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் காசிநாதன் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு செல்போன்களையும் கவிழ்த்தார். கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா இன்னா சொல்லுச்சு சாமுவேலு? ஃபேன் சத்தத்துல எனக்குக் காதுல விழல."

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா."

"பத்துப் பேர் சார். தினமும் காலைல..."

"இப்பவும் விழல" என்றார் காசிநாதன். "ரொம்ப மோசம் இந்த ஃபேனு. மாத்தணும்."

சிரிப்பு வரவில்லை எனக்கு. எட்டு நாளாகவே வருவதில்லை.

எங்கள் வண்டியை உங்களுக்குத் தெரியும். ஊரே குட்டியானை என்று கூப்பிடுகிற, ஏழு வயசான சின்ன லோடு வண்டி. பகலில் ஷூ கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். வீட்டில் உட்கார்ந்து தைக்கிற பெண்களிடம் கொடுத்து, தைத்ததை வாங்கி வரும். காலையிலும் சாயந்திரத்திலும் அதே வண்டியில் பதினோரு பெண்கள் கம்பெனி வேலைக்குப் போய்த் திரும்புவார்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் பத்துப் பேர். அந்தப் பதினோரு பேரில் என் அம்மா பூவம்மாளும் ஒருத்தி. ஆளை ஏற்றினால்தான் சரக்கு டிரிப் என்பது காண்ட்ராக்டர் ஜியாவுதீன் பாய் போட்ட கண்டிஷன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை, பாலாற்றுப் பாலத்தில் குறுக்கே வந்த பைக்குக்காக அப்பா வண்டியை ஒடித்துத் திருப்பினார். பின்கதவின் கொக்கி விட்டுக்கொண்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த பாக்யலட்சுமி அக்கா ரோட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இனிமேல் எட்டு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு வயசு முப்பத்திநாலு. மெஷினைத் தவிர வேறு வேலை தெரியாது.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எப்படி அடிபட்டது என்று ஒரு கட்டம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தெருவில் எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி நான். தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. "வீட்டுப் படியில விழுந்துடுச்சுன்னு எழுதும்மா" என்றார் அப்பா. வண்டி என்று எழுதினால் கேஸ், கேஸ் வந்தால் இன்சூரன்ஸ் போய்விடும், நாலு வருஷமாக க்ளைம் கேட்காமல் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும் என்றார்.

எழுதினேன். இங்கிலீஷில். வீடு என்பதற்கு ஹவுஸ் என்று போடாமல் ரெசிடென்ஸ் என்று போட்டேன். படித்தவள் அல்லவா!

காசிநாதன் இரண்டு தாள்களை எங்கள் முன்னால் பரப்பினார்.

"இன்னிக்கு ராத்திரியோட பழைய பாலிசி முடியுது. ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு தேர்டு பார்ட்டி. உன் வண்டி போய் எவனையாவது இடிச்சா, அவனுக்கு இன்சூரன்ஸ்காரன் குடுப்பான். உன் வண்டி நசுங்கினா நீயே பாத்துக்க. கவர்மென்ட்டு கட்டாயம்னு சொல்றது இதை மட்டும்தான். இன்னொண்ணு ஃபுல்லு. திருட்டு, நெருப்பு, வெள்ளம், உன் வண்டி அடிபட்டா அதுவும்."

"ஃபுல்லு எவ்ளோண்ணே ஜாஸ்தி?"

"ஆறு, ஆறரை ஆயிரம் வரும். ஆனா நீ நாலு வருஷமா ஒரு க்ளைமும் பண்ணல. அந்தக் கழிவு உனுக்கு உண்டு. வண்டி மதிப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினா இன்னும் கம்மியாவும். ரொம்ப இறக்காத. நாளைக்கு வண்டி களவு போச்சுன்னா, இறக்கின மதிப்புத்தான் கைக்கு வரும். அப்ப வந்து என் சட்டையப் புடிக்கக் கூடாது."

அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். அவர் விரல்களில் நகம் பாதிதான் இருக்கும். இருபது வருஷம் டேனரியில், தோலை ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்த கை அது. அந்தக் குழியை விட்டு வெளியே வரத்தான் இந்த வண்டி.

"இதுல ஆளுங்களுக்கு இன்னா இருக்குது சார்?" என்று கேட்டேன்.

காசிநாதன் இந்தத் தடவை ஃபேனைக் குறை சொல்லவில்லை. ஆர்.சி.யைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"படி. சீட்டிங் எவ்ளோ போட்டிருக்குது?"

"ரெண்டு."

"டிரைவர் ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. உங்கப்பா ஓனர், அவரே ஓட்றாரு, அதுக்குத் தனியா இருக்குது. பக்கத்துல உட்கார்ற ஆளு, சரக்கு ஏத்தி இறக்குற ஆளுன்னா, அம்பது ரூபா சேர்த்துக் கட்டினா போதும். அந்த ஒரு ஆளுக்கும் உண்டு."

"அம்பது ரூபாதானே? பத்துப் பேருக்கு ஐநூறு. என்கிட்ட இருக்குது. இப்பவே குடுக்கறேன்."

"நீ அம்பது லட்சம் குடும்மா. இந்த வண்டியில மூணாவது சீட் கிடையாது."

"மூணாவது சீட் இல்லன்னா பத்துப் பேர் எங்க உட்கார்றாங்க?"

"அதைத்தான் நீ என்கிட்ட சொல்லவே கூடாதுங்கறேன்." அவர் குரல் தாழ்ந்தது. "சரக்கு வண்டில சரக்கு ஏத்தலாம். பின்னாடி இருக்கிற தோல் கட்டுக்கு வேணும்னா தனி பாலிசி போட்டுத் தரேன். நனைஞ்சா பணம், எரிஞ்சா பணம். அதே கட்டு மேல ஒரு பொம்பளை உட்கார்ந்து, ரெண்டும் சேர்ந்து கீழ விழுந்துச்சுன்னு வையி. தோலுக்கு மட்டும் எழுதுவேன். என்னைத் திட்டாத. ரூல் அப்படி."

"ஆள் ஏத்தணும்னா?"

"ஆள் வண்டி வாங்கணும். அதுக்குப் பர்மிட்டு வேற, எஃப்.சி. வேற, பிரீமியமும் சீட்டுக்கு இவ்ளோன்னு."

அப்பா முதல் தடவையாக நிமிர்ந்தார். "அந்த வண்டி வாங்கற வசதி இருந்தா நான் ஏண்ணே இங்க வந்து குந்திகினு இருக்கறேன்?"

டீ வந்தது. மூன்று டம்ளர். அப்பா குடித்தார். நான் தொடவில்லை.

"அப்ப அந்த அக்காவுக்கு யார் சார் குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்த அக்கா?"

அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். "அது எங்க தெருவுல ஒருத்திண்ணே. வீட்டுப் படியில வழுக்கிடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"கம்பெனில வேலை செய்யுதா?"

"ஆமா சார். ஷூ கம்பெனி. ஸ்டிச்சிங்."

"சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. புடிக்கிறாங்களா?"

"பிடிக்கிறாங்க."

"அப்ப வைத்தியம் பாத்துடுவான். லீவுக்குக் கொஞ்ச நாள் பாதிச் சம்பளம் மாதிரி எதுனா வரும். அப்புறம் நின்னுடும்." டம்ளரை வைத்தபடி சாதாரணமாகச் சொன்னார். "பாவம், அதிர்ஷ்டம் இல்லாத பொம்பளை. வீட்டுப் படியில போயி விழுந்திருக்குது. வேலைக்குப் போற வழியில, ரோட்டுல விழுந்திருந்தா கணக்கே வேற. வேலையில அடிபட்ட மாதிரிதான் பாப்பாங்க. ஊனம் எவ்ளோன்னு டாக்டருங்க போர்டு உட்கார்ந்து முடிவு பண்ணும். உசிரு இருக்கற வரைக்கும் மாசாமாசம் பணம் வரும்."



பாக்யாக்கா ரோட்டில்தான் விழுந்தார். வேலைக்குப் போகிற வழியில்தான் விழுந்தார். காலை ஆறே முக்காலுக்கு, கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டோடு விழுந்தார். அவரைப் படியில் தள்ளியது நான். என் பேனா.

எந்த இன்சூரன்ஸைக் காப்பாற்ற நாங்கள் பொய் எழுதினோமோ, அது அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்காது. எது கொடுத்திருக்குமோ, அந்த ஈ.எஸ்.ஐ. வழியை அதே பொய்யால் நாங்களே அடைத்துவிட்டோம்.

"தப்பா எழுதியிருந்தா திருத்தலாமா சார்?" என்று கேட்டேன்.

"எழுதினவங்க வந்து எழுத்துல குடுக்கணும். பாத்தவங்க சாட்சி சொல்லணும். கம்பெனி ரிப்போர்ட் அனுப்பணும். சீக்கிரம் செஞ்சா ஒரு வேளை எடுத்துக்குவாங்க. நாள் ஆவ ஆவ, பணத்துக்காக மாத்திப் பேசறாங்கன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

அப்பா டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த வண்டின்னு கேப்பாங்களாண்ணே?"

காசிநாதன் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற வண்டியைப் பார்த்தார். பின்கதவுக் கொக்கியில் அப்பா சுற்றி வைத்திருந்த கட்டுக்கம்பி வெயிலில் மின்னியது.

"கேக்காம?" என்றார்.

காசிநாதன் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "பாப்பா, நீ ரொப்பிடு. ஃபுல்லா, தேர்டு பார்ட்டியான்னு வீட்ல பேசி முடிவு பண்ணி அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க. நாளைக்குன்னு விட்டீங்கன்னா பாலிசி அறுந்துடும். அப்புறம் ஃபுல்லு போடணும்னா ஆள் வந்து வண்டியச் சுத்தி ஃபோட்டோ எடுப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தக் கம்பிய முதல்ல கழட்டு சாமுவேலு."

வண்டியில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

வண்டி பைபாஸில் ஏறியது. என் செல்போன் நடுங்கியது. பாக்யாக்காவின் நம்பர். காலையிலிருந்து மூன்றாவது தடவை. எடுக்கத் தைரியம் இல்லை. பையில் போட்டுவிட்டேன்.

"உனுக்கும் தெரியல, எனுக்கும் தெரியல. யாருக்கும் தெரியாமப் போச்சு" என்றார் அப்பா. "ஈ.எஸ்.ஐ.ல இப்படி ஒண்ணு இருக்குதுன்னு எவன் சொன்னான் நமக்கு?"

"இப்ப தெரிஞ்சுடுச்சுல்லப்பா."

"தெரிஞ்சு இன்னா பண்றது? திங்கக்கிழமை வண்டி வரலன்னா டிரிப்ப வேற வண்டிக்குக் குடுத்துடுவேன்னு பாய் சொல்லிட்டாரு. எட்டு நாளா கிளட்ச் கம்ப்ளெய்ன்ட்னு சொல்லிகினு திரியறேன். அந்தப் பொம்பளைங்க ஷேர் ஆட்டோவுக்குச் சம்பளத்துல பாதியக் குடுக்கறாங்க. அவங்களும் என்னைத்தான் கேக்கறாங்க."

"திங்கக்கிழமையும் பத்துப் பேரை ஏத்துவியா?"

"ஒம்பது பேரு" என்றார்.

வாய் தவறி வந்த கணக்கு அது. சொன்ன பிறகு அவரே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கேஸ் ஆச்சுன்னா லைசென்ஸ் போயிடும் கிறிஸ்டி. வண்டியப் புடிச்சு வெச்சிடுவாங்க. அம்பத்திரண்டு வயசுல எனக்கு எவன் வேலை தருவான்? திரும்பவும் குழிதான். உன்னைப் படிக்க வெச்சதே இந்த வண்டிதான். முதல் பட்டதாரி சர்ட்டிபிகேட்டு வாங்க தாசில்தார் ஆபீசுக்கு இதுலதான் போனோம். ஞாபகம் வெச்சுக்க."

ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கும் இதே சீட். இதே கண்ணாடி. கண்ணாடியில் தொங்குகிற இதே வளையம்.

அப்போதுதான் அந்த வளையத்தைப் பார்த்தேன்.

அதைப் பற்றி இதுவரை நான் சொன்னதில்லை. முன் சீட்டுக்கு எங்கள் வண்டியில் ஒரு முறை உண்டு. பின்னால் குலுங்கிக்கொண்டு, டீசல் புகையைக் குடித்துக்கொண்டு போகிற பதினோரு பேருக்கும் ஆளுக்கு ஒரு நாள் முன் சீட். ஓனர் பெண்டாட்டி என்று அம்மாவுக்குத் தனிச் சலுகை கிடையாது. யார் முறை என்று சண்டை வந்ததால், பாக்யாக்காதான் கம்பெனிக் கழிவில் பதினோரு தோல் துண்டுகளை வெட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வளையத்தில் கோத்து மாட்டினார். சாயந்திரம் கடைசியாக இறங்குகிறவர் ஒரு துண்டைப் பின்னால் தள்ளிவிடுவார். முன்னால் எந்தத் துண்டு நிற்கிறதோ அவருக்கு மறுநாள் முன் சீட்.

எட்டு நாளாக வண்டியில் பெண்கள் ஏறவில்லை. வளையத்தை யாரும் தொடவில்லை. அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

முன்னால் நின்ற துண்டில் பாக்யா என்று எழுதியிருந்தது.

"அப்பா."

"ம்."

"அன்னிக்கு முன்னாடி யார் உட்கார்ந்திருந்தாங்க?"

பாலம் வந்தது. கீழே பாலாற்றில் மணலும் முள்ளும் மட்டும்தான். ஓரமாக டேனரிக் கழிவு ஒரு பழுப்புக் கோடாக ஓடியது. அதைத் தண்ணீர் என்று நாங்கள் சொல்வதில்லை. அப்பா கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத இடம்.

"உங்கம்மாவக் கேளு" என்றார்.

அம்மா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எட்டு நாளாக ஜுரம் என்று கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறாள். நெற்றியைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும்.

நான் வளையத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அதை அவள் தலைமாட்டில் வைத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினாள். பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது?"

"யார் முறைம்மா அன்னிக்கு?"

அம்மா முந்தானையை இழுத்து முட்டியை மூடினாள்.

"தூறல் போட்டுகினு இருந்துச்சு" என்றாள். "எனுக்கு முட்டி வீங்கிப் போயி, பின்னாடி ஏறவே முடியல. அவ எங்களுக்கு அப்புறம்தான் ஏறுவா. அவ ஸ்டாப்பிங் வர்றப்ப நான் முன்னாடி உட்கார்ந்திருந்தேன்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

"ஒரு நாளுதானேன்னு நெனச்சேன்."

"கேட்டியாம்மா?"

"கேக்கல. அவ கதவாண்ட வந்து நின்னா. என்னைப் பார்த்தா. நான் வேற பக்கம் பார்த்துகினேன். ஒண்ணும் சொல்லாம பின்னாடி போயிட்டா. ஏற்கெனவே எல்லாரும் குந்திட்டாங்க. அவளுக்கு ஓரம்தான் கெடைச்சுது."

அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

காசிநாதன் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு சீட். டிரைவர் ஒன்று, பக்கத்தில் ஒன்று. எங்கள் வண்டியில் போகிற பதினோரு பேரில் ஒரே ஒருத்தருக்குத்தான் பிழைக்க வழி இருந்தது. அது அன்றைக்குப் பாக்யாக்காவின் முறை. அவரே தோல் வெட்டி, அவரே பெயர் எழுதி வைத்த முறை.

"அவங்களைப் போய்ப் பார்த்தியாம்மா?"

"எந்த மூஞ்சியோட போவேன்?"

அம்மாவைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் சீட்டைத்தான் எடுத்துக்கொண்டாள். நான் அவருடைய மிச்ச வாழ்நாள் சம்பளத்தை எடுத்துக்கொண்டேன், அதுவும் நல்ல இங்கிலீஷில்.

"விடும்மா கிறிஸ்டி, ஆனது ஆயிடுச்சு" என்றபடி அப்பா உள்ளே வந்தார். படிவத்தைத் தையல் மெஷின் மேல் விரித்தார். பேனாவை அதன் மேல் வைத்தார். "மணி ரெண்டாவுது. ஃபுல்லே போட்டுடலாம். கழிவு வருது, மதிப்பையும் கொஞ்சம் இறக்கிக்கலாம். இனிமே கதவுக்குப் பூட்டே போட்டுடறேன். ஓரத்துல யாரையும் உட்கார வெக்கல. பாக்யாவுக்கு மாசாமாசம் என்னால ஆனதக் குடுக்கறேன். சாமி சத்தியமாக் குடுப்பேன். நீ எழுது."

அவர் பொய் சொல்லவில்லை. கொடுப்பார். இரண்டு மாசம் கொடுப்பார். மூன்றாவது மாசம் டயர் மாற்ற வேண்டி வரும்.

உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். பெயர், சாமுவேல். வண்டி எண். வண்டியின் உபயோகம் என்ற இடத்தில் சரக்கு மட்டும் என்று எழுதினேன். இந்தத் தடவை அது பொய்யாக இருக்காது. எந்தப் பாலிசி என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தவே இல்லை. தேர்டு பார்ட்டி என்பதற்கு எதிரே டிக் அடித்தேன்.

"ஏய், ஏய். ஃபுல்லுன்னேனே? காதுல விழலியா?"

"நிக்கப்போற வண்டிக்கு இது போதும்பா. கட்டாயத்துக்கு ஒண்ணு இருந்தா சரி. மிச்சப் பணத்தை வெச்சுக்கோ. வேண்டியிருக்கும்."

"நிக்கப்போற வண்டியா?"

நான் எழுந்தேன். வளையத்திலிருந்து பாக்யா என்று எழுதியிருந்த துண்டை மட்டும் கழற்றினேன். மிச்சப் பத்தும் அம்மாவின் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சுருங்கிப்போனது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பாதி நகமுள்ள அந்த இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலூருக்கா?"

"ஆமா. நான் எழுதினதை நானே போய் அடிச்சுட்டு எழுதப்போறேன். நம்ம வண்டி, நம்ம நம்பர், பாலம், மணி எல்லாம்."

"பெத்த அப்பனையே எழுதிக் குடுப்பியா நீ?"

"எழுதிக் குடுப்பேன்."

"எழுதினா மட்டும் அவளுக்குக் கெடைச்சுடுமா? எட்டு நாளு ஆச்சு. பணத்துக்கு மாத்திப் பேசறீங்கன்னு தூக்கிப் போட்டா? அவளுக்கும் இல்லாம, நமக்கும் இல்லாம, அந்த ஒம்பது பொம்பளைங்களுக்கு வண்டியும் இல்லாம... யாருக்குடி லாபம்?"

வழியெல்லாம் அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு வந்தேன். கிடைக்காமலே போகலாம். திங்கட்கிழமை காலை ஸ்டாப்பிங்கில் நிற்கிற ஒன்பது பேரும் என்னைத்தான் சபிப்பார்கள். ஜியாவுதீன் பாய் செவ்வாய்க்கிழமையே வேறு வண்டி பிடித்துவிடுவார். அதுவும் சரக்கு வண்டியாகத்தான் இருக்கும். அதிலும் பத்துப் பேர் பின்னால் ஏறுவார்கள். எதுவும் மாறப்போவதில்லை. என் அப்பா மட்டும் குழியில் இறங்குவார்.

ஆனால் அந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து.

"கிறிஸ்டி." அம்மா பாயிலிருந்தே கூப்பிட்டாள். "முன்னாடி யாரு உட்கார்ந்திருந்தாங்கன்னு கேப்பாங்களாடி?"

"கேக்காம?" என்றேன்.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாள். என்னோடு வருவதற்கா, என்னைத் தடுப்பதற்கா என்று தெரியவில்லை. நின்று பார்க்கவும் நேரம் இல்லை. இரண்டரை மணி வேலூர் பஸ்ஸை விட்டால் ஆஸ்பத்திரி ஆபீஸ் மூடிவிடும். நாளை ஞாயிறு.

பையில் செல்போன் மறுபடி நடுங்கியது. பாக்யாக்கா. ஆறாவது தடவை.

எடுக்கவில்லை. எடுத்து, "வேணாம் கிறிஸ்டி, விட்டுடு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நான் திரும்பி வந்து இதே ஸ்டூலில் உட்கார்ந்து ஃபுல் இன்சூரன்ஸுக்கு டிக் அடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

தோல் துண்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செருப்பை மாட்டினேன். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடந்தேன்.